வீட்டு இணையம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை இடிமழைக் காலம் வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பலவும் இணைய இணைப்பைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அவற்றுள், ஒருவருக்குச் சொல்லும் விடை பலருக்கும் பயன்படக்கூடிய கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும் முன்பே அமைப்புகளில் கை வைப்பதுதான் பெரும்பாலான கடிதங்களில் காணப்படும் சிக்கல். ஆகவே, இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியிலிருந்தே தொடங்கும்.

கேள்வி: ஐயா, எங்கள் பகுதியில் மின்சாரம் போய் வந்த பிறகு இணையம் வரவில்லை. ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்தினால் சரியாகிவிடும் என்று பேரன் சொன்னான், அப்படியே செய்தோம். இப்போது வைஃபையின் பெயரே மாறிவிட்டது, பழைய கடவுச்சொல்லும் ஏற்கவில்லை. புது ரவுட்டர் வாங்க வேண்டுமா? – ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம். உங்கள் ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது; அதில் எழுதி வைத்திருந்த விவரங்கள் மட்டும் அழிந்துவிட்டன. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுப்பது ஒரு செயல். ஊசித் துளையை அழுத்துவது முற்றிலும் வேறு செயல். முன்னது ரவுட்டரைத் தூங்கி எழச் செய்கிறது. பின்னதோ அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்கே கொண்டுபோய், இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. ஊசித் துளையைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்; அதுவும் அந்த விவரங்கள் தாளில் எழுதிக் கையில் இருக்கும்போது மட்டுமே.

ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கும். தெருவிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழை நுழைகிற, பெரும்பாலும் சுவரில் பொருத்திய பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அதிலிருந்து கம்பி வழியே இணையத்தைப் பெற்று வீட்டுக்குள் பரப்புவது ரவுட்டர். இணையம் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது ஓ.என்.டி.யின் விளக்குகளைத்தான். எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி உங்கள் பெட்டிவரை வந்து சேரவில்லை என்று பொருள்; தெருவில் இழை அறுந்திருக்கலாம், அல்லது மேசையை நகர்த்தும்போது வீட்டுக்குள்ளேயே இழை மடங்கியிருக்கலாம். அந்த நிலையில் ரவுட்டரை என்ன செய்தாலும் பயனில்லை. பான் என்று குறித்த விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்தால் தெருவிலிருந்து வீடுவரை பாதை சரி என்று எடுத்துக்கொள்ளலாம். இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

மின்சாரம் திரும்பிய உடனே இணையம் வராததற்குப் பல நேரங்களில் காரணம் மிக எளியது. ஒரே கணத்தில் அந்தப் பகுதியின் எல்லா வீட்டுப் பெட்டிகளும் எழுந்து ஒரே வாசலில் நின்று அனுமதி கேட்கின்றன. சேவை நிறுவனத்தின் கணினியோ உங்கள் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகச் சிறிது நேரம் எண்ணிக்கொண்டிருக்கும். கால்மணி நேரம் பொறுத்திருந்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரண்டு பெட்டிகளையும் அணைத்து, ஓ.என்.டி.யை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, அதன் பிறகே ரவுட்டரைப் போடுங்கள்.

இனி, அழிந்ததை மீட்கும் வழி. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் ஒரு முகவரியும் நிர்வாகக் கடவுச்சொல்லும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்றிருக்கும், 10.0.0.2 என்று உள்ளவையும் இந்நாட்டில் உண்டு. கணினியை ரவுட்டரில் கம்பியால் இணைத்து, உலாவியில் அந்த முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே இணைப்பு வகையைக் கேட்கும் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் தெருவில் இழை போட்ட நிறுவனம் வேறு, உங்களிடம் மாதப் பணம் வாங்கும் சேவை நிறுவனம் வேறு. ஓப்பன்சர்வ், வூமாடெல் போன்றவை இழைக்குச் சொந்தக்காரர்கள்; அவற்றின் மேல் பல சேவை நிறுவனங்கள் வணிகம் செய்கின்றன. யாருடைய இழை என்பதைப் பொறுத்து இணைப்பு வகை மாறும். சில இடங்களில் பி.பி.பி.ஓ.இ. என்ற வகையைத் தேர்ந்தெடுத்துப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட வேண்டும். வேறு சில இடங்களில் டி.எச்.சி.பி. என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். இதைச் சேவை நிறுவனத்திடம் கேட்டுப் பெறுங்கள். இழைக்குச் சொந்தமான நிறுவனத்தை நேரே அழைத்தால் அவர்கள் உங்களைத் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயர் மின்னஞ்சல் முகவரியைப் போலத் தோற்றமளிக்கும்; ஆனால் அது உங்கள் மின்னஞ்சல் அன்று. அதற்கான கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல், கட்டணம் கட்டும் பக்கத்தின் கடவுச்சொல் ஆகிய மூன்றும் தனித்தனி. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டுவிட்டு இணைப்பு கெட்டுவிட்டது என்று எழுதுவோர் அநேகர். கடைசியாக ஒன்று: புதிதாக வைஃபைக்குப் பெயர் வைக்கும்போது பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இடுங்கள். தொலைக்காட்சி, கைபேசி, பிரிண்டர் எல்லாம் ஒன்றும் நடவாதது போல் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: 100 மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டுகிறோம். முன்னறையில் நன்றாக வருகிறது. பின்னால் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங்கில் மகளும் மருமகனும் குடியிருக்கிறார்கள். அங்கே படம் பார்த்தால் நின்று நின்று ஓடுகிறது. ரிப்பீட்டர் ஒன்று வாங்கி அவர்கள் அறையில் வைத்தோம். கைபேசியில் கோடுகள் நிறையத் தெரிகின்றன, வேகம் மட்டும் வரவில்லை. சேவை நிறுவனத்தை மாற்றலாமா? – ஒரு வாசகி, பீனிக்ஸ்

பதில்: முன்னறையில் நன்றாக வருகிறது என்ற உங்கள் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறை இல்லை, குறை வீட்டுக்குள். நிறுவனத்தை மாற்றினாலும் அதே சுவர்கள்தான் இருக்கும்.

கைபேசியில் தெரியும் கோடுகள் உங்களை ஏமாற்றுகின்றன. அவை கைபேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலுள்ள அலையின் வலிமையைக் காட்டுகின்றனவே தவிர, ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. அலை ஏற்கனவே நலிந்துபோன இடத்தில் ரிப்பீட்டரை வைத்தால், நலிந்ததையே அது உரக்கத் திருப்பிச் சொல்லும். மேலும் விலை குறைந்த ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகம் பாதியாகக் குறைந்துவிடும். அதை எடுத்து இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே, ரவுட்டரை நோக்கிய சன்னலோரமாக வைத்துப் பாருங்கள். ஓரளவு முன்னேற்றம் தெரியும்.

ரவுட்டர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னாலும் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேலும் அதை ஒளித்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. உலோகமும் நீரும் வைஃபை அலைக்குப் பகை; ஆகவே கீசர் இருக்கும் சுவரும், அவுட்பில்டிங்கின் தகரக் கூரையும் அலையை வெகுவாகத் தடுத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் செங்கல் சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஊடுருவும், ஆனால் பீனிக்ஸைப் போல வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதிலேயே மோதிக்கொண்டிருக்கும். அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். கைபேசியில் வைஃபை ஆய்வுச் செயலி ஒன்றை இறக்கி, இம்மூன்றில் நெரிசல் குறைந்தது எது என்று பார்த்து, ரவுட்டரில் அதை நிலைப்படுத்துங்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 3, 4, 8 என்று இடைப்பட்ட எண்ணைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து உங்கள் தலையில் விழும்.

இவ்வளவும் செய்து கிடைப்பது ஒட்டுப்போட்ட தீர்வுதான் என்பது என் கருத்து. நிலையான தீர்வு, இரு கட்டடங்களுக்கும் இடையே ஒரு கம்பியை இழுப்பது. வெயிலையும் மழையையும் தாங்கும் வெளிப்புற கேட் 6 வகை நெட்வொர்க் கம்பி 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை மலிவு விலையில் தலையில் கட்டிவிடுவார்கள். மின்கம்பி செல்லும் குழாயிலேயே இதையும் நுழைக்காமல் தனிக் குழாயில் விடுங்கள். மறுமுனையில் நீங்கள் ஒதுக்கிப்போட்ட பழைய ரவுட்டரே போதும், ஆனால் அதை ரவுட்டராக வேலை செய்ய விடக் கூடாது. அதன் அமைப்புப் பக்கத்தில், வீட்டுக் கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டி.எச்.சி.பி. வசதியை அணைத்து, அதன் முகவரியை முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி, எடுத்துக்காட்டாக முதலாவது 192.168.1.1 என்றால் இதை 192.168.1.2 என்று மாற்றி, வரும் கம்பியை இணையத்துக்கென்று தனி நிறத்தில் உள்ள துளையில் செருகாமல் வீட்டுக் கருவிகளுக்கான சாதாரண லேன் துளையில் செருக வேண்டும். டி.எச்.சி.பி.யை அணைக்க மறந்தால் ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி பங்கிடத் தொடங்கி, காரணம் தெரியாமல் சில கருவிகளுக்கு மட்டும் இணையம் வந்தும் போயும் இருக்கும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டிலும் ஒன்றாகவும், சேனலை மட்டும் வேறாகவும் வைத்தால் மகள் கைபேசியோடு முற்றத்தைக் கடக்கும்போது அது தானாகவே மாறிக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. இரு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கம்பி, அருகில் மின்னல் விழும்போது அதன் அதிர்ச்சியையும் சுமந்து வரும். இரு முனையிலும் மின்னல் காப்பான் பொருத்துங்கள். இடி முழங்கும்போது செருகியைக் கழற்றி வையுங்கள். பணம் இடம் கொடுத்தால் செம்புக்குப் பதில் ஃபைபர் இழையையே இழுத்துவிடலாம், கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

கேள்வி: 500 மெகாபிட் திட்டத்துக்கு மாறினோம். கைபேசியில் வைஃபை வழியாகவே 300க்கு மேல் வருகிறது. கம்பி செருகிய மேசைக் கணினியில் மட்டும் 94க்கு மேல் ஏறவில்லை. கம்பிதானே வேகமாக இருக்க வேண்டும்? – ஒரு வாசகர், லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

பதில்: 94 என்ற எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. கணினியும் ரவுட்டரும் தங்களுக்குள் 100 மெகாபிட் வேகத்தில் பேச ஒப்புக்கொண்டுவிட்டன. அதில் முகவரித் தலைப்புகளுக்குப் போனது போக மிஞ்சுவது 94, 95 தான். நெட்வொர்க் கம்பிக்குள் எட்டு இழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். 1 கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். எட்டில் ஒன்று அறுந்தாலோ, செருகியின் பித்தளைப் பற்களில் ஒன்று உள்ளே அழுந்தியிருந்தாலோ கருவிகள் சத்தமில்லாமல் கீழ்வேகத்துக்கு இறங்கிவிடும். கம்பியை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் அதே எண் வந்தால் கணினியின் நெட்வொர்க் துளையே 100 மெகாபிட் வகையாக இருக்கும். பல தொலைக்காட்சிகளிலும் அப்படித்தான், ஆனால் படம் பார்க்க அது தாராளம்.

இதை ஒட்டியே இன்னொரு வாசகர், 100 மெகாபிட் திட்டத்தில் கோப்பு இறக்கும்போது 12 என்று மட்டுமே காட்டுவதாக முறையிட்டிருந்தார். அவர் ஏமாற்றப்படவில்லை. விற்பது மெகாபிட், திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்.

கேள்வி: மின்வெட்டு நேரத்திலும் இணையம் வேண்டுமென்றால் எந்த அளவு பேட்டரி வாங்க வேண்டும்? கடைக்காரர் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை. – ஒரு வாசகி, ஸ்டாங்கர்

பதில்: 2023ஆம் ஆண்டில் பட்ட லோட் ஷெடிங் பாட்டுக்கு இப்போது நிலைமை எவ்வளவோ மேல் என்றாலும், உள்ளூர் மின்தடைகள் இருந்துகொண்டேதான் இருக்கின்றன, உங்கள் கேள்வி காலாவதியாகவில்லை. ஃபைபர் இணைப்பில் ஒரு நன்மை உண்டு. தெருவில் இழையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகளுக்குப் பொதுவாக மின்சாரமே தேவையில்லை. நிறுவனத்தின் நிலையமும் உங்கள் வீட்டிலுள்ள இரு பெட்டிகளும் உயிரோடிருந்தால் போதும். செம்புக் கம்பிகளின் காலத்தில் தெருமுனைப் பெட்டியின் பேட்டரி தீர்ந்ததும், அல்லது திருட்டுப்போனதும், எல்லாம் ஓய்ந்துவிடும்.

இரண்டு பெட்டிகளின் மின்மாற்றிகளிலும் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் இரண்டுமே 12 வோல்ட் என்றிருக்கும். ஆம்பியர் அளவு 1, 1.5, 2 என்று வேறுபடும். வோல்ட் அளவு அணுவளவும் மாறக் கூடாது. ஆம்பியரைப் பொறுத்தவரை பேட்டரிப் பெட்டி தரக்கூடியது பெட்டிகள் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. 9 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் முனையைச் செருகி ரவுட்டரைச் சுட்டுக் கருக்கியவர்கள் இருக்கிறார்கள், ஏனெனில் செருகியின் வடிவம் ஒன்றாகவே இருக்கும்.

இனிக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 8,800 மில்லிஆம்பியர் மணி என்று பேட்டரிப் பெட்டியில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 32 வாட் மணி. மாற்றத்தில் வீணாவது போக 27 நிற்கும். ஓ.என்.டி.யும் ரவுட்டரும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். மின்வெட்டு இரண்டரை மணி நேரம் நீடிக்கும் பகுதியானால் அடுத்த பெரிய அளவை வாங்குங்கள்; பேட்டரி ஓரிரு ஆண்டில் தளரும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். ரவுட்டரை மட்டும் பேட்டரியில் போட்டுவிட்டு ஓ.என்.டி.யை மறந்தால், வைஃபை இருக்கும், இணையம் இருக்காது.

கேள்வி: சில நாட்களில் உள்ளூர்ச் செய்திப் பக்கங்கள் உடனே திறக்கின்றன, சென்னையில் இருக்கும் சம்பந்தி வீட்டாரோடு வீடியோவில் பேசினால் மட்டும் குரல் முந்தி முகம் பிந்துகிறது. டி.என்.எஸ். மாற்றச் சொல்கிறார்கள், செய்யலாமா? – ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: செய்யலாம், பயன் இருக்காது. டி.என்.எஸ். என்பது தளத்தின் பெயரைக் கேட்டு எண் முகவரியைச் சொல்லும் வேலை மட்டுமே. பேச்சு தொடங்கிய பிறகு அதற்கு அங்கே இடமில்லை. பெயர் தட்டினால் திறக்காத தளம் எண் தட்டினால் திறக்கிறது என்ற நிலையில்தான் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பார்ப்பதில் பொருள் உண்டு.

உங்கள் பேச்சு கடலடியில் போய்வருகிறது. குவாசூலு-நட்டால் மாகாணக் கடற்கரையில் உள்ள முட்டுன்சினியிலும், கேப் டவுனுக்கு வடக்கே உள்ள மெல்க்போஸ்ட்ராண்டிலும் கடலடிக் கம்பிகள் கரையேறுகின்றன. 2002இல் இயங்கத் தொடங்கிய சேஃப் என்ற கம்பி மெல்க்போஸ்ட்ராண்டிலிருந்து முட்டுன்சினி, ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் அங்கிருந்து பினாங்குக்கும் போகிறது. நேராக இந்தியா செல்லும் வழி இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். உங்கள் சேவை நிறுவனம் எந்தக் கம்பியில் இடம் வாங்கியிருக்கிறதோ அந்த வழியில்தான் உங்கள் குரல் போகும். டர்பனிலிருந்து சென்னை நேர்கோட்டில் 7,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும் என்பதால், போய்த் திரும்ப 70 மில்லிநொடிக்குக் குறைய வழியே இல்லை. அதே பேச்சு மேற்குக் கடற்கரை வழியாக லண்டன் சென்று, அங்கிருந்து சென்னைக்கு வந்தால் 300ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும்.

கம்பி அறுந்தால் இது இன்னும் மோசமாகும். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் நாட்டுக் கடலில் வாக்ஸ், சாட்-3 உள்ளிட்ட நான்கு கம்பிகள் ஒரே நாளில் பழுதாயின. அதே ஆண்டு மே 12 அன்று கிழக்குக் கடற்கரையில் சீகாம், ஈஸி என்ற கம்பிகள் சேர்ந்து அறுந்தன. அத்தகைய நாட்களில் மிஞ்சிய கம்பிகளில் நெரிசல் கூடும். வேகச் சோதனைப் பக்கத்தில் முதலில் டர்பன் அல்லது ஜோகன்னஸ்பர்க் சர்வரையும் பிறகு சென்னை சர்வரையும் தேர்ந்தெடுத்து, பிங் என்று காட்டும் மில்லிநொடி எண்ணை நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் குறித்து வையுங்கள். உள்ளூர் எண் மாறாமல் சென்னை எண் மட்டும் இரட்டித்தால் உங்கள் வீட்டில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அந்தக் குறிப்போடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற வழக்கமான பதிலோடு உங்களை அனுப்பிவிட முடியாது.

கேள்வி: வெளியூர் போகும்போது வீட்டுக் கேமராவைக் கைபேசியில் பார்ப்பது வழக்கம். பழைய இணைப்பை விட்டு எல்.டி.இ. இணைப்புக்கு மாறியதிலிருந்து பார்க்க முடியவில்லை. வெளியிலிருந்து வரும் தொடர்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் முன்போலவே செய்திருக்கிறேன். – ஒரு வாசகர், லாடியம், பிரிட்டோரியா

பதில்: ரவுட்டரின் நிலைமைப் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற ஐ.பி. முகவரி என்று காட்டுவதைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள ஏதாவது ஒன்றில் தொடங்கினால், அல்லது இணையத்தில் உங்கள் ஐ.பி. எது என்று சொல்லும் தளம் காட்டுவதோடு பொருந்தாவிட்டால், உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. உலகில் ஐ.பி.வி.4 முகவரிகள் தட்டுப்பாடானதால் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் சி.ஜி.நாட் முறையை நிறுவனங்கள் கையாளுகின்றன. கைபேசிக் கோபுர வழி இணைப்புகளில் அது ஏறக்குறைய வழக்கமே. நூறு குடித்தனம் உள்ள மாடிக் கட்டடத்துக்கு வாசலில் ஒரே கதவிலக்கம் இருந்தால், வெளியிலிருந்து வருபவர் உங்கள் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவார்? உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளி வாசல் உங்கள் கையில் இல்லை.

நிறுவனத்திடம் பொது ஐ.பி. முகவரி கேட்டுப் பாருங்கள். சிலர் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள். ஆனால் கிடைத்தாலும் கேமராவை நேரே இணையத்துக்குத் திறந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு திறந்து கிடக்கும் கேமராக்களைத் தேடி அலையும் மென்பொருள்கள் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. கேமரா உள்ளிருந்து தானே வெளியே தொடர்புகொள்ளும் செயலி வசதியையோ, சி.ஜி.நாட்டைத் தாண்டி வேலை செய்யும் வி.பி.என். என்ற தனிப்பாதை மென்பொருள் ஒன்றையோ பயன்படுத்துங்கள். பழைய போர்ட் ஃபார்வர்டிங் விதிகளை அழித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கோவில் தைப்பூசக் காவடியை, நடமாட முடியாத ஆயாக்களும் தாத்தாக்களும் வீட்டிலிருந்தே பார்க்க நேரலையில் காட்டுகிறோம். சென்ற முறை கைபேசியில் ஒளிபரப்பினோம். காலையில் நன்றாக இருந்தது. காவடிகள் கோவிலை வந்தடைந்த நேரத்தில் நின்றுவிட்டது. கோவில் அலுவலகத்தில் 50க்கு 10 என்ற ஃபைபர் இணைப்பு உள்ளது. அது போதுமா? – கோவில் குழுவினர், டொங்காட்

பதில்: போதும். சென்ற முறை நின்றதற்குக் காரணம் உங்கள் கைபேசி அன்று. ஆயிரக்கணக்கானோர் ஒரே கோபுரத்தின் கீழ் கூடிப் படமெடுத்து அனுப்பத் தொடங்கியதே. 50க்கு 10 என்பதில் நேரலைக்கு வேண்டியது இரண்டாவது எண், அதாவது மேலேற்றும் வேகம். 720 வரித் தரத்தில் நொடிக்கு 30 படச் சட்டங்களாக அனுப்ப 3 முதல் 4 மெகாபிட் போதும். 10 இருக்கிறதே என்று 8 வரை ஏற்றாதீர்கள். பாதியாவது கையிருப்பாக இருந்தால்தான் ஏற்றத்தாழ்வு வரும்போது படம் உடையாது. ஐந்து மணி நேரம் 4 மெகாபிட்டில் ஒளிபரப்பினால் ஏறத்தாழ 9 கிகாபைட் செலவாகும்; திட்டத்தில் அளவுக் கட்டுப்பாடு இருந்தால் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவை இணைக்கும் மடிக்கணினி வைஃபையில் இருக்கக் கூடாது, கம்பியில் இருக்க வேண்டும். அன்று காலையில் அலுவலக வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தொண்டர்களின் கைபேசிகள் எடுத்த படங்களையெல்லாம் தாமாகவே மேலேற்றத் தொடங்கினால் அந்த 10 மெகாபிட் நொடியில் கரைந்துவிடும், யாரிடம் குறை சொல்வதென்றும் தெரியாது. முந்தின நாள் அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரு மணி நேரம் ஒத்திகை பாருங்கள். மடிக்கணினியிலேயே ஒரு பதிவும் சேமியுங்கள். இணைப்பு போனாலும் மாலையில் ஏற்றிவிடலாம். அலுவலகத்திலிருந்து கேமரா 100 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் இடையில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்து, ஓ.என்.டி., ரவுட்டர் ஆகியவற்றைப் போலவே அதற்கும் பேட்டரிப் பெட்டி வையுங்கள். கம்பியைத் தரையில் விடாதீர்கள். வெறுங்காலோடு வருபவர் தடுக்குவார், இரதத்தின் சக்கரம் ஏறினால் கம்பியும் நசுங்கும். பந்தல் கால்களின் மேலாக, இரதத்தின் உச்சிக்கும் உயரமாகக் கட்டிக் கொண்டுபோங்கள்.